வீட்டு வழி வந்த விசுவாசம்: கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மிஷனும்

கிறிஸ்தவ நம்பிக்கையில் விசுவாசம் அவரவர் தாமே ஏற்க வேண்டிய ஒன்று. ஆனாலும் அது வீட்டுக்குள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கைமாறும் என்ற எதிர்பார்ப்பும் தொடக்கத்திலிருந்தே கூட வந்திருக்கிறது. இந்த இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வேதாகமத்திலேயே இரண்டு பேச்சும் உண்டு. தகப்பனின் அக்கிரமம் மூன்று நான்கு தலைமுறை வரை விசாரிக்கப்படும், கடவுளிடம் அன்புகூர்வோருக்குக் கிடைக்கும் இரக்கமோ ஆயிரம் தலைமுறைக்கு நீளும் என்கிறது யாத்திராகமம். எசேக்கியேலின் 18-ஆம் அதிகாரம், தகப்பன் திராட்சைக்காய் தின்னப் பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழியையே தள்ளிவிட்டு, மகனின் கணக்கு வேறு, தகப்பனின் கணக்கு வேறு என்கிறது. தானும் தன் வீட்டாரும் கர்த்தரைச் சேவிப்பதாக யோசுவா சொன்னது ஒரு பக்கம். பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் தீமோத்தேயுவிடமும் இருப்பதாகப் பவுல் எழுதியது இன்னொரு பக்கம். முதலாவதில் வீட்டுத் தலைவன் எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுக்கிறான். இரண்டாவதில் இரண்டு பெண்கள் ஒரு பையனை வளர்க்கிறார்கள், தகப்பன் கிரேக்கன். தமிழ்நாட்டில் நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை என்பதை மதுரை மிஷனின் வரலாறு காட்டுகிறது. அந்த வரலாற்றின் மேற்கு ஓரத்தில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவே, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வடகிழக்காக இறங்கும் இந்தப் பகுதி 1996 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது, பிறகு தேனி மாவட்டமானது. இங்கே கிறிஸ்தவர்கள் என்றும் சிறுபான்மையினர்தான். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்கள் கத்தோலிக்க ஊர்களாகப் பெயர்பெற்றவை. பெரியகுளத்தையும் கம்பத்தையும் ஒட்டிய சீர்திருத்தச் சபைகள் அமெரிக்க மதுரை மிஷனின் வழியில் வந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் தாய்வீடு மதுரைதான், ஆனால் குடும்பத்தைப் பற்றி இரண்டும் எடுத்த நிலை வெவ்வேறு.

கத்தோலிக்க மதுரை மிஷனின் கதை 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியிடமிருந்து தொடங்குகிறது. தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி கண்ட சிக்கல் எளியது: ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே ஒருவன் தன் குடும்பத்துக்கு அந்நியனாகிவிட்டால், அந்த விசுவாசம் அவனோடு முடிந்துபோகும். அதனால் குடுமி, பூணூல், சந்தனம், நீராட்டு போன்றவை குலத்தின் அடையாளங்களே தவிர வழிபாட்டின் கூறுகள் அல்ல என்று வாதிட்டு, அவற்றை விடாமலே கிறிஸ்தவனாகலாம் என்றார். கொச்சியிலும் கோவாவிலும் எதிர்ப்பு கிளம்பியது. 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் பக்கம் நின்றார். உறவு அறுபடாமல் ஒரு மதம் வீட்டுக்குள் நுழைய இந்த முடிவு வழி திறந்தது. அதே வாசல் வழியாகச் சாதியும் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தது. பின்னாளில் இதற்காக நொபிலியைக் குறை சொன்னவர்கள் பலர். அவர் காலத்தில் வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்கு அவர்களில் சிலரே பதில் தேடினார்கள்.

குருக்கள் எப்போதும் சிலர்தான். ஒரு குரு பல நாள் நடந்து ஒரு கிராமத்துக்கு வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, திருப்பலி வைத்து, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். ஆண்டின் மற்ற நாள்களில் ஊரின் விசுவாசத்தைத் தாங்கியவர் உபதேசியார். ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடப்பவரின் பக்கத்தில் இருப்பது, அவசரத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, அடக்கம் நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. வீரமாமுனிவர் 1727-ல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இந்த உபதேசியார்களுக்கான நூல். வேதியர் எப்படி வாழ வேண்டும், எதைக் கற்பிக்க வேண்டும் என்று அது விரிவாகச் சொல்கிறது. ஊர் அவர் வார்த்தையைவிட அவர் வீட்டைத்தான் கவனிக்கும் என்பது முனிவருக்குத் தெரிந்திருந்தது. பல ஊர்களில் இந்தப் பொறுப்பு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வேலையும் அப்படியே.

இந்த ஏற்பாட்டின் வலிமை வெளிப்பட்டது 1773-க்குப் பிறகு. அந்த ஆண்டு திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனைத் திரும்ப ஏற்றது 1837-ல்தான். இடையில் இரண்டு மூன்று தலைமுறை. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சில குருக்களால் இத்தனை பெரிய நிலப்பரப்பைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. இருந்தும் திரும்பி வந்தவர்கள் கண்டது வெறுமையை அல்ல. ஜெபமாலை சொல்லும் வீடுகளும், ஞாயிற்றுக்கிழமை கூடும் ஊர்களும், புனிதர் பெயர் வைத்த பிள்ளைகளும் இருந்தார்கள். தமக்கு வேண்டிய குரு எந்த அதிகாரத்தின் கீழ் வந்தவர் என்று சண்டை போடும் அளவுக்கு உறுதியும் இருந்தது. போர்ச்சுகல் மன்னரின் திருச்சபைக் காப்புரிமையான பதுரவாதோவுக்கும் உரோமையின் நேரடி நிர்வாகத்துக்கும் நடந்த அந்தப் பூசல் பல ஊர்களைப் பல பத்தாண்டுகள் பிளந்து வைத்தது.

குருவில்லாத அந்தக் காலத்தைக் கடத்தியதில் எழுத்தைவிடப் பாட்டுக்கும் கூத்துக்கும் பங்கு அதிகம். எஸ்தாக்கியார் நாடகமும் ஞானசௌந்தரி கதையும் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய நடந்தவை. எஸ்தாக்கியார் உரோமைப் படைத்தலைவர். கிறிஸ்தவரானபின் செல்வத்தை இழக்கிறார், மனைவியையும் இரண்டு மகன்களையும் பிரிகிறார், பல ஆண்டு கழித்து எல்லோரும் சேர்கிறார்கள், கடைசியில் குடும்பமாகவே வேதசாட்சிகளாகிறார்கள். ஒரு ஆளின் உண்மை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை இதைவிட நேராகச் சொல்லும் கதை கிடைக்காது. இறையியல் படிக்காத பாட்டிகளுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

பள்ளத்தாக்கின் அடையாளமாகிவிட்ட பன்னீர் திராட்சையும் இந்தக் கத்தோலிக்கத் தொடர்பில் சேர்த்தே பேசப்படுகிறது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றபோதும் இது மீண்டும் எடுத்துச் சொல்லப்பட்டது. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் ஆண்டு முழுக்கக் காய்க்கும் பழம் அது.

அமெரிக்கர்கள் வந்த வழி வேறு. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணி செய்துகொண்டிருந்தது. அங்கிருந்து 1834-ல் மதுரைக்கு ஆள் அனுப்பியது. வந்தவர்களோடு யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் இருந்தார்கள். திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை, வத்தலக்குண்டு, பெரியகுளம் என்று நிலையங்கள் விரிந்தன. 1845-ல் இந்த மிஷனரிகள்தான் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் குளிர்ச்சி தேடி ஏறியது பெரியகுளத்தை அடுத்த மலைப்பாதை வழியாக. கம்பம் பள்ளத்தாக்கு பெரியகுளத்து நிலையத்தின் பார்வையில் வளர்ந்தது.

கத்தோலிக்கர் உறவைக் காப்பாற்றி விசுவாசத்தை நட்டார்கள் என்றால், அமெரிக்கர்கள் சில வேளைகளில் உறவை அறுத்துக் காட்டச் சொன்னார்கள். சபையில் சாதி கூடாது என்று முடிவு செய்த மதுரை மிஷன் 1847-ல் ஒரு சோதனை வைத்தது: எல்லாச் சாதி உறுப்பினர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்கள், ஆசிரியர்கள் உட்பட ஏராளமானோர் மறுத்தார்கள், நீக்கப்பட்டார்கள். ஒரே நாளில் சபைகள் ஆளிழந்தன. பிறகு சிலர் திரும்பினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மறுத்தவர்களில் பலர் விசுவாசத்தை மறுக்கவில்லை என்பதுதான். அந்தப் பந்தியில் உட்கார்ந்தால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது, சாவு வீட்டுக்கு ஆள் வராது. அவர்கள் எடைபோட்டது தங்கள் ஆத்துமாவை மட்டுமல்ல, பிள்ளைகளின் உறவுமுறையையும்.

பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குப் புதிய உறவுமுறை வேண்டியிருந்தது. அதை உருவாக்கியது விடுதிப் பள்ளி. 1842-ல் திருமங்கலத்தில் தொடங்கி 1845-ல் பசுமலைக்கு மாறிய செமினரி ஆண்களை உபதேசியார்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆக்கியது. மதுரையிலும் நிலையங்களிலும் இருந்த பெண்கள் விடுதிப் பள்ளிகள் அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த மனைவிகளைத் தந்தன. கிராமத்துக்கு அனுப்பப்படும் உபதேசியார் இரண்டு அறை வீட்டில் குடியேறுவார். பகலில் அந்தத் திண்ணையே பள்ளிக்கூடம், இரவில் அதுவே ஜெப வீடு. மனைவி பெண்களுக்குப் படிக்கச் சொல்லித்தருவார். சில ஆண்டில் மாற்றல் வரும். இப்படி ஊர் ஊராகப் போன வீடுகளில் பிறந்த பிள்ளைகளே அடுத்த தலைமுறையின் ஆசிரியர்கள், ஆயர்கள், நர்சுகள். பசுமலையில் 1881-ல் தொடங்கிய கல்லூரிப் பிரிவு பிறகு மதுரைக்குப் போய் அமெரிக்கன் கல்லூரியானது. உபதேசியாரின் பேரன் அங்கே படித்துப் பட்டதாரியாவது அந்தப் பாதையின் மறுமுனை. இந்த ஏற்றத்தில் விசுவாசம் எவ்வளவு, பள்ளிக்கூடம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. மிஷனரிகளின் அறிக்கைகள் முதலாவதையே பெரிதாக எழுதின. இரண்டாவது இல்லாமல் முதலாவது ஒரு தலைமுறையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்.

பெண்களின் பங்கு இதில் தனியாகப் பேசத் தக்கது. 1892-ல் ஈவா ஸ்விஃப்ட் மதுரையில் தொடங்கிய பெண்கள் வேதாகமப் பள்ளி பின்னர் லூசி பெரி நோபிள் நிறுவனம் என்று பெயர்பெற்றது. அங்கே பயின்ற வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கக் கற்றுத்தந்தார்கள். இவர்களில் விதவைகளும் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற முடியாத, ஆனால் வேதம் வாசிக்கத் தெரிந்த ஒரு தாய் தன் பிள்ளைகளிடம் விட்டுப்போனது என்ன என்பது எந்தச் சபைப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. தலைக்கணக்கு எடுப்பவர்கள் தகப்பன் பெயரைத்தான் கேட்டார்கள்.

வீட்டுக்குள் நடந்த வழக்கங்கள் எளியவை. சீர்திருத்தச் சபை வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ குடும்ப ஜெபம்: ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒருவர் ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். வாசிக்கத் தெரிந்த சின்னப் பிள்ளையிடம் வேதபகுதியை வாசிக்கச் சொல்வது வழக்கம். வீட்டில் வேதாகமம் என்று ஒன்று இருந்தால் அதன் முன்பக்க வெற்றுத்தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எழுதப்படும். நிலப்பத்திரம் இல்லாத பல குடும்பங்களுக்கு எழுத்தில் இருந்த ஒரே குடும்ப ஆவணம் அதுதான். பிடியரிசி இன்னொரு வழக்கம். உலை வைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுபோவார்கள். கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் கொடுக்க முடிந்த காணிக்கை அது. அதைப் போடுவதைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தனியாகப் போதனை தேவைப்படவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு முதல் கதிரும் முதல் காயும் முதல் கோழியும் கோயிலுக்கு வந்து ஏலம் போகும்.

கத்தோலிக்க வீட்டில் மாலை மணி அடித்ததும் ஜெபமாலை. பிள்ளைக்கு ஞானத்தகப்பன், ஞானத்தாய் வைப்பதன் வழியாக இரத்த உறவுக்கு வெளியே இன்னொரு பொறுப்பாளி சேர்க்கப்படுகிறார். பெற்றோர் இறந்தாலும் தவறினாலும் பிள்ளையின் விசுவாசத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் குடும்பம் முழுதும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி, குருவைக் கொண்டு கல்லறையை மந்திரித்துத் திரும்பும். வெளியூர் போனவர்களும் அன்று ஊர் வந்துவிடுவார்கள். சீர்திருத்தச் சபையினர் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை, அவர்களைக் குறித்து நன்றி சொல்வதோடு நிறுத்துவார்கள். முன்னோரோடு உள்ள பிணைப்பை இரண்டு சபைகளும் எப்படி வேறுபடுத்திப் புரிந்துகொண்டன என்பதற்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

மிஷனரிகளின் சொந்தக் குடும்பங்களும் இந்த வரலாற்றில் சேரும். நியூயார்க் மருத்துவர் ஜான் ஸ்கடர் ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது படித்த சிறு நூலால் உந்தப்பட்டு 1819-ல் இலங்கைக்குக் கப்பலேறினார். பின்னர் சென்னைக்கு வந்தார், சில காலம் மதுரை மிஷனிலும் இருந்தார். அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். நான்கு தலைமுறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இப்படிப் பணி செய்ததாகக் கணக்கு உண்டு. கிறிஸ்தவ மேடைகளில் குடும்ப ஆசீர்வாதத்துக்கு உதாரணமாக இந்தப் பெயர் அடிக்கடி வரும். அப்படிச் சொல்லும்போது ஒன்று விட்டுப்போகிறது. 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்த பேத்தி ஐடா ஸ்கடர் அந்த வரிசையில் நிற்க மாட்டேன் என்றே முடிவு செய்திருந்தார். நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவித்த தம் மனைவியருக்காக ஒருவர்பின் ஒருவராக வந்து பெண் மருத்துவரைக் கேட்டார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்களால் முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900-ல் திரும்பினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதன் விளைவு. பாட்டனார் பெயர் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது உண்மை. முடிவை எடுக்க வைத்தது பாட்டனார் அல்ல, அந்த இரவு.

மதுரை மிஷனில் இதற்கு நிகர் சாண்ட்லர் குடும்பம். தந்தை ஜான் சாண்ட்லர் 1840-களில் வந்தவர். மகனுக்கு ஜான் ஸ்கடர் சாண்ட்லர் என்று அந்த மருத்துவரின் பெயரையே வைத்தார். மகனும் அமெரிக்காவில் படித்து மதுரை மிஷனுக்கே திரும்பி, அதன் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை எழுதினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி தொடங்கியபோது முதல் பதிப்பாசிரியரானார். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த மிஷனரிப் பிள்ளைக்குத் தகப்பனின் மொழியைவிட ஆயாவின் மொழி முன்பே வாய்த்திருக்கும், அகராதிப் பணிக்கு அது சும்மா போகவில்லை. ஆனால் இந்த மரபுக்கு விலையும் இருந்தது. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே அமெரிக்காவில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பி வருவார்கள், ஆண்டுக்கணக்கில் பார்க்க மாட்டார்கள். 1901-ல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளி தொடங்கியதற்கு இந்தப் பிரிவு ஒரு காரணம்.

தமிழ்க் குடும்பங்களில் இப்படித் தலைமுறைகளாக ஒரே பணியைத் தாங்கியதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில், மனம்திரும்பி உபதேசியாரான தேவசகாயம் பிள்ளைக்குப் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சுவிசேஷக் கவிராயர் என்ற பட்டமும் பாட்டும் அவர் சந்ததியில் தொடர்ந்தன. அவருடைய கீர்த்தனைகள் பாடாத சீர்திருத்தச் சபை தமிழகத்தில் இல்லை, பெரியகுளத்துச் சபையும் கம்பத்துச் சபையும் சேர்த்தே. ஆனால் 1820-களில் இளைய மிஷனரிகள் தஞ்சைச் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்றபோது, அதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவரும் அவரே. மனம் உருகப் பாடியவரும் தனி வரிசை கேட்டவரும் ஒரே ஆள். சந்ததிக்குப் போவது ஒருவரின் பக்தி மட்டும் அல்ல. கத்தோலிக்க ஊர்களில் தனித்தனி உட்காருமிடங்களும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தன, சில இடங்களில் இன்றும் பேச்சாக இருக்கின்றன. அவையும் தாத்தாமார் விட்டுப்போனவைதான்.

1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து விழுந்தபோது பள்ளத்தாக்கின் நிலைமை மாறியது. இன்று 14,707 ஏக்கரில் நடக்கும் இருபோக நெல் சாகுபடி அந்தத் தண்ணீரால் ஆனது. மலைமேல் ஏலமும் தேயிலையும் ஆள் கேட்டன. வேலை தேடி வந்தவர்களோடு தெற்குச் சீமைச் சபைக்காரர்களும் வந்தார்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்க, மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒரே குடைக்குள் வந்தன. மதுரைப் பகுதியின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின்.

இருபதாம் நூற்றாண்டில் பரவிய பெந்தெகொஸ்தே சபைகள் பழைய கேள்வியை மறுபடி எடுத்தன. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்து மனம்திரும்பியவர் முழுக்கு ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பது அவர்கள் நிலை. நான்கு தலைமுறைச் சபைக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்கு எடுக்கும்போது, தாத்தா வாங்கிக்கொடுத்த ஞானஸ்நானம் போதாது என்று சொல்லாமல் சொல்கிறார். இதனால் வீட்டுக்குள் மனக்கசப்பு வந்ததும் உண்டு, அந்த வீட்டின் குடும்ப ஜெபம் புத்துயிர் பெற்றதும் உண்டு. எசேக்கியேலின் கட்சியை இந்தச் சபைகள் எடுத்தன என்று சொல்லலாம். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்த பிறகு அங்கேயும் பாஸ்டரின் மகன் பாஸ்டராவது வழக்கமாகிவிட்டது.

விசுவாசம் சந்ததிக்குப் போவதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு, அது பலரும் நினைப்பதைவிடப் பெரிது. பழைய இந்து சட்டப்படி மதம் மாறியவன் குடும்பச் சொத்தை இழந்தான். 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் அந்த இழப்பை நீக்கியது. அந்தச் சட்டத்துக்கு எதிராகச் சென்னை மாகாணத்தில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மதம் மாறிய ஆளுக்குத்தான், அவர் பிள்ளைகளுக்கு அல்ல என்று பின்னர் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் அதையே எழுதி வைத்தது: மதம் மாறிய பின் பிறந்த பிள்ளைகளும் அவர்கள் சந்ததியும், சொத்துரிமை திறக்கும் நேரத்தில் இந்துக்களாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்தில் வாரிசுரிமை கோர முடியாது. தாத்தா வீட்டு வயல் தகப்பனோடு நின்றுபோகும் இடம் இது.

கிறிஸ்தவர்களுக்குள் சொத்து எப்படிப் பிரியும் என்பதை 1865-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அதற்குப் பின் வந்த 1925-ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தன. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால் அது பழைய திருவிதாங்கூர். அங்கே 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை இந்த நிலைதான். ஒரே வேதாகமம், ஒரே குடும்ப ஜெபம், மலையின் இரண்டு பக்கத்திலும் மகளுக்கு இரண்டு கணக்கு. தமிழ்ப் பக்கத்திலும் சட்டம் தந்த சம பங்கு அப்படியே கைக்கு வந்துவிடவில்லை. நகையும் சீரும் செய்தாயிற்று என்று சொல்லி மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது மற்ற சமூகங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நடந்தது.

தலித் குடும்பங்களுக்குச் சட்டத்தின் கை இன்னும் கனமானது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியலில் சேர்த்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தாத்தாவின் ஞானஸ்நானத்தால் பேரனின் கல்லூரி இடமும் அரசு வேலையும் தனித் தொகுதியில் நிற்கும் உரிமையும் மாறுகின்றன. அதனால் பல வீடுகளில் கோயில் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்கின்றன. இதை இரட்டை வேடம் என்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சான்றிதழ் தேவைப்படாதவர்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய 2022-ல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. மதம் மாறியதை மறைத்துப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில் சொன்னது. தகப்பன் வழி, தாய் வழி, ஞானஸ்நானப் பதிவு என்று ஒரு குடும்பத்தின் விசுவாச வரலாறு முழுதும் அந்த வழக்கில் சாட்சியமாக அலசப்பட்டது.